62.5 டிகிரி: குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைச் சூடுபடுத்திக் கொடுக்கலாமா?

இராசிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கையில் எவர்சில்வர் தூக்குடன் காத்திருந்தார். உள்ளே அவருடைய பேத்தி, இருபத்தெட்டு வாரங்களில் பிறந்து, தொள்ளாயிரம் கிராம் எடையுடன் வெப்பப் பெட்டியில் இருந்தாள். தாய்க்கு அறுவை சிகிச்சை நடந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பால் சில சொட்டுகளே வந்தன.

"ஏனுங்க டாக்டர், எங்க சின்ன மருமகளுக்கும் கைக்குழந்தை இருக்குதுங்க. அவ பாலைப் பீச்சிக் கொண்டாந்திருக்கேன். நல்லாக் காய்ச்சி ஆத்திக் கொடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில் அன்பும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. பிறருடைய பாலில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதும், சூடு அதனை அழிக்கும் என்பதும் அம்மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அந்தத் தூக்கிலிருந்த பாலை நாங்கள் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதையும், தாய்ப்பாலை எப்போது, எவ்வளவு, யார் சூடுபடுத்த வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறைமாதக் குழந்தைக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகச் செல்கின்றன. அவற்றின் பெரும்பகுதி கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில்தான் செல்கிறது. இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்த குழந்தை, அந்தச் சீதனத்தைப் பெறும் முன்னரே உலகிற்கு வந்துவிடுகிறது. அதன் தோல் மெல்லியது; குடலின் உட்சுவர் முதிராதது; வெள்ளணுக்கள் போருக்குப் பழகாதவை.

இத்தகைய குழந்தைக்குத் தாய்ப்பால் உணவு மட்டுமன்று, மருந்துமாகும். குறைமாதக் குழந்தைகளின் குடல் திசுக்கள் அழற்சியுற்று அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. புட்டிப்பால் மாவு கொடுக்கப்படும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அந்நோய் குறைவாகவே வருகிறது. ஆகவே, தாய்ப்பாலில் கிருமி இருக்கலாம் என்பதற்காக மாவுப்பாலுக்கு மாறுவது, தெருவில் தேங்கிய நீருக்கு அஞ்சிக் கிணற்றில் இறங்குவதைப் போன்றது.

பாலில் வரும் வைரஸ்கள் எவை?

முதலாவது, சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாகச் சி.எம்.வி. என்போம். இந்தியத் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோருக்கு, பல ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், சிறு வயதிலேயே இத்தொற்று வந்து போயிருக்கிறது. வந்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது. சாதாரணக் காய்ச்சலாகக் கழிந்திருக்கும். ஆனால் இவ்வைரஸ் உடலை விட்டு முழுமையாக நீங்குவதில்லை, உறங்கிக் கிடக்கும். குழந்தை பிறந்து பால் சுரக்கத் தொடங்கியதும் மார்பகத்தில் மீண்டும் விழித்தெழுந்து பாலில் கலக்கிறது. சீம்பாலில் இதன் அளவு பெரும்பாலும் குறைவு. நான்கு முதல் எட்டு வாரங்களில் உச்சத்தை எட்டி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் அடங்குகிறது.

நிறைமாதக் குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் அதனைக் காக்கின்றன. ஒரு வகையில் அது இயற்கையான தடுப்பூசியே. மிகக் குறைந்த எடையுள்ள குறைமாதக் குழந்தைகளின் நிலை வேறு. தொற்று ஏற்பட்டவர்களிலும் பலருக்கு அறிகுறியே தோன்றாது. சிலருக்கு இரத்தத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறையும்; கல்லீரல் பாதிக்கப்படும்; மூச்சு விட்டுவிட்டு நின்று, இரத்தத்தில் கிருமி கலந்ததைப் போன்ற தோற்றம் ஏற்படும். கருவிலேயே சி.எம்.வி. தாக்கிய குழந்தைகளுக்குக் காது கேளாமை வரக்கூடும் என்பதைப் படித்துவிட்டுப் பெற்றோர் அஞ்சுகின்றனர். பிறந்த பின் பால் வழியே வரும் தொற்று அத்தகையதன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தவே, தேவைப்படும் குழந்தைகளுக்குப் பிறந்த மூன்று வாரங்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ பரிசோதிக்கிறோம்.

இரண்டாவது, எச்.ஐ.வி. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையிலான குழுவினரால் கண்டறியப்பட்டது. லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல் மாவட்டம், பின்னர் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் தனிக்கவனம் பெற்றது. இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. தொற்று இருப்பின் வாழ்நாள் முழுவதற்கும் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும் தாய், குழந்தைக்கு உரிய தடுப்பு மருந்தையும் கொடுத்து, முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலை மட்டும் ஊட்டலாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். மருந்துதான் இங்கே முதற்காப்பு, சூடன்று.

மூன்றாவது, கல்லீரல் அழற்சி 'பி' வைரஸ். குழந்தை பிறந்தவுடன் தடுப்பூசியும், அதனுடன் எதிர்ப்புப் புரத ஊசியும் போடப்பட்டால் தாய் அச்சமின்றிப் பாலூட்டலாம். பாலைச் சூடுபடுத்த வேண்டியதில்லை.

62.5 டிகிரியில் அரை மணி நேரம்

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1860களில் திராட்சை மது கெடாமலிருக்க ஒரு வழி கண்டார். கொதிக்க விடாமல், அளவான சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால் கிருமிகள் மடியும். பொருளின் தன்மை பெரிதும் மாறாது. ஆவின் பாக்கெட்டில் நாம் வாங்கும் பாலும் இம்முறையில் பதப்படுத்தப்பட்டதே.

தாய்ப்பால் வங்கிகள் கையாளும் முறைக்கு 'ஹோல்டர் முறை' என்று பெயர். பால், மூடியிட்ட சிறு கலன்களில் நிரப்பப்பட்டு, மெல்ல அசையும் வெந்நீர்த் தொட்டியில் வைக்கப்படும். பாலின் வெப்பம் 62.5 டிகிரி செல்சியஸை எட்டியபின் சரியாக 30 நிமிடங்கள் அதே வெப்பத்தில் நிறுத்தப்படும். பிறகு விரைவாக 4 டிகிரிக்குக் குளிர்விக்கப்படும். இந்தச் சூட்டில் எச்.ஐ.வி.யும் சி.எம்.வி.யும் செயலிழக்கின்றன, நோய் தரும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் மடிகின்றன. கொரோனா வைரஸும் இதற்குத் தப்புவதில்லை.

எனில், பாட்டி சொன்னதுபோல் அடுப்பில் வைத்துப் பொங்கும்வரை காய்ச்சினால் என்ன? மாட்டுப்பாலுக்கு அது சரி. தாய்ப்பாலை 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், எதற்காக அதனைக் கொடுக்கிறோமோ அந்த எதிர்ப்புப் புரதங்களே சிதைந்துவிடும். பாலின் கொழுப்பு ஏடாகப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். தொள்ளாயிரம் கிராம் குழந்தைக்கு முதல் நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டரே குழாய் வழியே செலுத்துகிறோம். அந்த அளவில் ஒரு சொட்டுக் கொழுப்பின் இழப்பும் இழப்பே. காய்ச்சிய பின் ஆற்றுவதற்காக ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கையிலிருந்தும் காற்றிலிருந்தும் புதிய கிருமிகளும் சேரும்.

62.5 டிகிரியிலும் இழப்பு இல்லாமலில்லை. பாலிலுள்ள உயிரணுக்கள் அழிகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் நொதி முற்றிலும் செயலிழக்கிறது. இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லேக்டோபெர்ரின் என்னும் புரதத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. குடலைக் காக்கும் எதிர்ப்புப் பொருளான 'ஐ.ஜி.ஏ.'யின் ஒரு பகுதி குறைகிறது. மாறாக, பாலின் சர்க்கரை, கொழுப்பு அமிலங்கள், தாது உப்புகள் ஆகியவை நிலைத்திருக்கின்றன. நன்மை செய்யும் குடல் நுண்ணுயிர்களை வளர்க்கும் தனிவகைச் சர்க்கரைகளும் அழிவதில்லை. எனவேதான் பதப்படுத்தப்பட்ட கொடைப்பாலும் மாவுப்பாலைவிட மேலானது. பதப்படுத்தாத சொந்தத் தாயின் பால் அதனினும் மேலானது.

சேலத்திலும் ஒரு தாய்ப்பால் வங்கி

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909ஆம் ஆண்டு வியன்னாவில் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வங்கியை 1989ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் நிறுவினார். தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் தொடங்கப்பட்டன. அவற்றுள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒன்று. 2017இல் இந்திய அரசு இத்தகைய நிலையங்களுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கொடையளிக்க வரும் தாய், தம் குழந்தைக்குத் தேவையான அளவு போக மிகுதியாகச் சுரக்கும் பாலையே தரவேண்டும். அவருடைய உடல்நலம், உட்கொள்ளும் மருந்துகள், புகையிலை, மதுப்பழக்கம் ஆகியன கேட்டறியப்படும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி 'பி', பால்வினை நோயான சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தம் பரிசோதிக்கப்படும். பால் பதப்படுத்தப்பட்ட பின் அதன் மாதிரி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கப்படும். கிருமி வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் கொட்டப்படும். தேறியது −20 டிகிரி உறைநிலையில் சேமிக்கப்படும். கொடுப்பவருக்குப் பணம் இல்லை.

தூக்கில் வந்த பாலை நாங்கள் ஏற்காததன் காரணம் இப்போது விளங்கும். சின்ன மருமகளின் மீது ஐயமில்லை. இந்தப் படிகளுள் ஒன்றுகூட அந்தப் பாலுக்கு நடந்திருக்கவில்லை. இராசிபுரத்திலிருந்து பேருந்தில் வெயிலில் வந்த பால் அது. அவரையே நேரில் வரச்சொன்னோம். பரிசோதனைகளுக்குப் பின் அவர் கொடையாளர் ஆனார்.

பால் விற்பனை பற்றியும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாய்ப்பாலை வணிகப் பொருளாக விற்பதற்கு அனுமதியில்லை என அறிவித்தது. அதன் பின்னர் சென்னை மாதவரத்தில் புட்டிகளில் தாய்ப்பால் விற்ற கடை ஒன்று அதிகாரிகளால் மூடி முத்திரையிடப்பட்டது. எவரேனும் விலைக்குத் தாய்ப்பால் தருவதாகக் கூறினால் வாங்காதீர்கள்.

சொந்தத் தாயின் பாலைச் சூடுபடுத்த வேண்டுமா?

இதுவே பெற்றோரை மிகவும் குழப்பும் கேள்வி. மருத்துவர்களிடையேயும் ஒரே கருத்து இல்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு, சி.எம்.வி. அச்சத்தால், சொந்தத் தாயின் பாலையும் சில வாரங்கள் பதப்படுத்தியே கொடுக்கும் மருத்துவமனைகள் ஐரோப்பாவில் உள்ளன. ஜெர்மனியின் டூபிங்கன் நகர மருத்துவர்கள், பாலை மெல்லிய படலமாகப் பரவச் செய்து 62 டிகிரியில் ஐந்து நொடிகள் மட்டும் சூடாக்கும் முறையை உருவாக்கினர். அதில் வைரஸ் செயலிழக்கிறது. புரத இழப்பும் குறைவு. ஆனால் அதற்குத் தனிக்கருவி வேண்டும். பாலை உறைய வைத்தால் வைரஸின் அளவு குறையுமேயன்றி முழுமையாக அழிவதில்லை. உறைய வைத்த பாலைக் குடித்த குழந்தைகளுக்கும் தொற்று ஏற்பட்டிருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், சொந்தத் தாயின் பதப்படுத்தாத பாலால் வரும் நன்மை சி.எம்.வி. ஆபத்தைவிடப் பெரிது என்று கருதுகிறது. எங்கள் பிரிவிலும் அதே நிலைப்பாடுதான். மாவுப்பாலும் கிருமித்தொற்றும் இங்கே கொண்டுபோகும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தால், தராசு தாயின் புதிய பாலின் பக்கமே தாழ்கிறது. சீம்பாலை ஒருபோதும் சூடுபடுத்துவதில்லை. அறிகுறி தோன்றினால் பரிசோதிக்கிறோம். தேவைப்பட்டால் வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு.

இதனை ஒரு தாய்க்கு நான் சரியாகச் சொல்லத் தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காலைச் சுற்றில், ஆறு வாரக் குழந்தை ஒன்றின் தட்டணுக்கள் குறைந்திருந்ததைப் பார்த்து, "சி.எம்.வி.யாக இருக்கலாம், பாலிலிருந்து வந்திருக்கும்" என்று இளம் மருத்துவரிடம் கூறினேன். இரண்டடி தள்ளி நின்ற தாய் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துச் செவிலியர் வந்து, "டாக்டர், அந்த அம்மா பாலைப் பீச்சிப் பீச்சித் தொட்டியில ஊத்திடுறாங்க" என்றார். தம் பாலே தம் குழந்தைக்கு நஞ்சாகிவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, அழுதுகொண்டே கொட்டியிருக்கிறார். வேதனையில் சுரப்பும் பாதியாகக் குறைந்திருந்தது.

அருகில் அமர்ந்து விளக்கினேன். குழந்தை தானாகவே தேறிவருகிறது, தட்டணுக்கள் ஏறிவிட்டன, உங்கள் பால்தான் அதன் குடலைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். சுரப்பு பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று முதல் சி.எம்.வி. என்னும் சொல்லைத் தாயிடம் நேராகவும் முழுமையாகவும் சொல்லாமல் அவர் காதுபட உச்சரிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். நீங்களும் மருத்துவர்கள் தமக்குள் பேசுவதைக் கேட்டு அஞ்சினால், அப்போதே நிறுத்திக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டில் சூடுபடுத்தும் முறைகள் உண்டா?

உண்டு; ஆனால் அவை குறிப்பிட்ட சூழலுக்கானவை. எச்.ஐ.வி. மருந்துகள் எளிதில் கிட்டாத காலத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் இவை ஆராயப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் 'பிரிட்டோரியா முறை'யில், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, பால் இருக்கும் கண்ணாடிக் குடுவையை அதனுள் இருபது நிமிடங்கள் வைப்பர். 'விரைவுச் சூடு' முறையில், குடுவையை நீருள்ள பாத்திரத்தில் வைத்து, நீர் கொதித்ததும் உடனே எடுத்துவிடுவர். உலக சுகாதார நிறுவனம் 2010இல், எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தை எடை குறைந்து உறிஞ்ச முடியாதிருக்கும்போதும், தாய்க்கு மார்பக அழற்சி ஏற்பட்டபோதும், மருந்து தற்காலிகமாகக் கிட்டாதபோதும் இதனை இடைக்கால வழியாகக் கருதலாம் என்றது. மருத்துவக் குழு நேரில் கற்றுக்கொடுத்தாலன்றி இவற்றை வீட்டில் முயலவேண்டாம். பிறரிடம் வாங்கிய பாலைப் பாதுகாப்பானதாக்கும் குறுக்குவழியாக ஒருபோதும் கருதவேண்டாம்.

நம் பகுதியில் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமும், சங்கில் கழுதைப்பால் புகட்டும் வழக்கமும் இன்னும் முற்றிலும் மறையவில்லை. தாய்ப்பாலையே இத்தனை கவனத்துடன் கையாளும்போது, காய்ச்சாத விலங்கின் பாலைக் குறைமாதக் குழந்தையின் வாயில் ஊற்றுவது எத்தகைய ஆபத்து என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தாயும் குடும்பத்தாரும் செய்யவேண்டியவை

• பிரசவமான சில மணி நேரத்துக்குள் பாலைப் பீச்சத் தொடங்குங்கள். சில சொட்டுச் சீம்பாலும் போதும், செவிலியரிடம் கொடுங்கள்.

• இரவு உட்பட, நாளொன்றுக்கு எட்டு முறையாவது பீச்சுங்கள். இடைவெளி கூடினால் சுரப்பு குறையும்.

• ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கைகளைக் கழுவுங்கள். பிரிவில் தரப்படும் கலனையே பயன்படுத்துங்கள். அதில் உங்கள் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள்.

• நம் ஊர் வெயிலில் பீச்சிய பாலை அறையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம். குளிர்பெட்டியின் உட்பகுதியில் 24 மணி நேரம் வைக்கலாம்; கதவின் தட்டில் வைக்கவேண்டாம்.

• குளிர்ந்த பாலை வெதுவெதுப்பான நீரில் கலனோடு வைத்துக் குளிர்நீக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள்.

• மார்பில் வலி, சிவப்பு, காய்ச்சல், முலைக்காம்பில் வெடிப்பு இருந்தால் உடனே தெரிவியுங்கள்.

• குழந்தையைத் தோலோடு தோல் சேர்த்து மார்பில் கிடத்தும் 'கங்காரு பராமரிப்பு' பால் சுரப்பைக் கூட்டும். தந்தையும் குழந்தையை அவ்வாறு அணைக்கலாம்.

• "பால் பத்தலை" என்னும் சொல்லைத் தாயின் முன் சொல்லாதீர்கள். அவர் உண்ணவும் உறங்கவும் உதவுங்கள்.

அந்த மூதாட்டியின் பேத்தி முதல் நான்கு நாள்கள் தாயின் சீம்பாலுடன் வங்கியின் கொடைப்பாலையும் பெற்றாள். ஐந்தாம் நாளிலிருந்து தாயின் பாலே போதுமானதாயிற்று. ஒன்றரைக் கிலோவைக் கடந்து அவள் வீடு திரும்பியபோது பாட்டி அதே தூக்கைக் கொண்டுவந்திருந்தார். இம்முறை அதில் எங்கள் செவிலியர்களுக்காக வீட்டில் செய்த கச்சாயம் இருந்தது.